நான்காவது வீல்

ஆயுத பூஜையன்று காலை, ஹெப்பாளில் உள்ள கார் பெயிண்ட் ஷெட்டில், காருக்கு நான்காவது அலுமினிய வீலை மாட்டி நட்டை முறுக்கி முடித்தான் சித்தையன். வெள்ளிப் பூச்சு ஒரு புள்ளி இல்லாமல் பளபளத்தது. ஆனாலும் அதன் நடுவில் விரல் வைத்துப் பார்க்க அவன் துணியவில்லை.

அலுமினியத்தில் பெயிண்ட் சும்மா ஒட்டிவிடாது. பழைய பூச்சைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னரில் துடைத்தபின் விரல்கூடப் படக்கூடாது, அதற்கப்புறம்தான் அடிப்பூச்சான பிரைமர். மூன்று வீலுக்கும் அப்படியே செய்தான். நான்காவதைத் துடைத்துவிட்டுக் கம்ப்ரசரைப் பார்க்கப் போன நேரத்தில், சோறு கொண்டுவந்த மனைவி மாரக்காள் அதன் நடுவில் பொட்டு வைத்துவிட்டாள். போன மாதம் அவன் அடித்த வீல் ஒன்று தோலுரிந்து திரும்பி வந்ததிலிருந்து, புருஷன் கைக்குக் கண் பட்டுவிட்டது என்பதே அவள் பேச்சு. உதிராமல் இருக்கத் தேங்காயெண்ணெயில் குழைத்த குங்குமம். பதறிப்போய்த் துணியால் அழுத்தித் துடைத்தான். சிவப்பு போய்விட்டது. எண்ணெய் போயிற்றா? கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் மேலே அடிக்கிற பெயிண்ட் தோலாக உரிந்துவிடும். தின்னர் டப்பா காலி. கரண்ட் போகப்போகிறதென்று முதலாளி மல்லப்பன் உள்ளேயிருந்து கத்திக்கொண்டிருந்தார். அப்படியே அடித்துவிட்டான். நாலு நாளாகத் தூக்கம் இல்லை.

“அண்ணே, இந்த ஒண்ண மட்டும் கழட்டி மறுக்கா அடிச்சுக் குடுத்துடறனுங்க.”

“பூஜை நாள்ல வண்டி மூணு கால்ல நொண்டிட்டுப் போகுமா மாராயா? ஏன், அதுக்கு என்ன கேடு?” என்றார் மல்லப்பன்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். ‘இன்னொண்ணு உரிஞ்சு வந்துச்சுன்னா உங்க ஊரு ஹனூருக்கு உன்ன நானே பஸ் ஏத்தி விடறேன்’ என்று போன மாதம் இவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னால் இவர் செய்யாமல் விட்டதில்லை.

“ஒண்ணுமில்லீங்க.”

பத்து மணிக்கு விஜயநகரிலிருந்து காருக்குச் சொந்தக்காரர் மஞ்சுநாத் மனைவியோடு வந்து சேர்ந்தார். பூசணிக்காய் உடைத்தாயிற்று. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அந்தம்மா வைஷாலி ஒவ்வொரு வீலுக்கும் ரோஸ் ரிப்பனைப் பூப்போல மடித்து, நடுவில் செலோடேப்பால் ஒட்டிக்கொண்டே வந்தார். நான்காவதற்கு வந்ததும் சித்தையன் ஒரு எட்டு முன்னால் வைத்தான். பொட்டு இருந்த அதே இடம்.

“ஏனுங்க, உங்களுக்கு இப்படி வேர்க்குது?” என்றாள் பூஜைத் தட்டோடு நின்ற மாரக்காள்.

“அய்யோ ராமா, கோணலா ஒட்டிட்டேன்,” என்று வைஷாலி டேப்பின் நுனியை நகத்தால் தேடினார்.

“அம்மா, விடுங்க! நான் எடுக்கறேனுங்க.”

அவன் பாய்ந்த வேகத்தைப் பார்த்து மஞ்சுநாத் சிரித்தார். மல்லப்பன் சிரிக்கவில்லை, பக்கத்தில் வந்து, இடுப்பில் கை வைத்து நின்றார். சித்தையன் மண்டி போட்டு உட்கார்ந்தான். நகத்தில் டேப்பின் மூலை சிக்கியது. மெதுவாக இழுத்தான். எழும்பிய முனை வெயிலில் பளிச்சென்று மின்னியது. மின்னுவது டேப்தானா, அதோடு உரிந்து வருகிற வெள்ளிப் பூச்சா என்று பார்க்க, அவன் மூக்கு வீலில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தான்.