மரத்தில் கட்டிய சாப்பாட்டுப் பை

ட்ரையானுக்குத் தொண்டைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, கதிர்வீச்சு வைத்தியமும் முடிந்தபின், கஞ்சிபோல வழுக்கிக்கொண்டு போகிற சாப்பாடு மட்டும்தான் உள்ளே இறங்கியது. ஒரு ரொட்டித் துணுக்கு போதும், அடைத்துக்கொள்ளும். குரலும் போய்க் கரகரவென்று ஒரு காற்றுதான் மிச்சம். ஜூலையில் ஒரு சாயங்காலம் அந்தக் காற்றில் மனைவி லிவியாவிடம் கேட்டான்.

“ஆகஸ்ட்ல மலைக்குப் போறோம்ல?”

கல்யாணமான வருஷத்திலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவர்கள் தங்கள் ஊரான சிபியுவிலிருந்து கிளம்பி, கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஃபகராஷ் மலை ஏறி, உச்சிக்குக் கீழே இருக்கும் ஏரிக்கரையில் சில நாள் தங்கிவிட்டு வருவார்கள். கூடவே லிவியாவின் தம்பி நெலுவும் வருவான். லிவியா டாக்டரிடம் போய்க் கேட்டாள். அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார்.

“கூட்டிட்டுப் போங்க. அடுத்த வருஷம்னு தள்ளிப் போடாதீங்க.”

அன்றைக்கே அவள் அடுப்படியில் இறங்கிவிட்டாள். ரயில் பட்டறையில் வேலை பார்த்த ட்ரையானுக்கு மிகவும் பிடித்தது வெள்ளை பீன்ஸ். அதை வெங்காயம், சிவப்புக் குடைமிளகாய் சேர்த்து மசிய வேகவைத்து, சல்லடையில் தேய்த்துத் தோலை எடுத்து, தட்டில் தோசைபோல மெல்லியதாகப் பரப்பினாள். ஓவனை ஆகக் குறைந்த சூட்டில் வைத்து, ஈரம் வெளியேற அதன் கதவிடுக்கில் மரக்கரண்டியைச் செருகினாள். காய்ந்து சருகானதைக் காப்பி அரைக்கும் இயந்திரத்தில் போட்டுப் பொடித்தாள். கோழிச்சாறு வைத்த கறியையும், காரட்டையும், உருளைக்கிழங்கையும் அப்படியே செய்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து வெந்நீரில் கரைத்து, மெல்லாமல் அப்படியே விழுங்கிப் பார்த்தாள். எங்காவது நெருடினால் மறுபடி சலித்தாள்.

“சிமெண்ட் ஆலை ஏதாவது ஆரம்பிச்சிருக்கியா?” என்றான் ட்ரையான், சமையலறை வாசலில் நின்று.

“ஆமா. உன்னப் பூசி மெழுகத்தான்.”

காற்றை அழுத்தி வெளியேற்றிப் பொட்டலங்களாகக் கட்டினாள். மலையில் சுமக்க எடையே இல்லை. வீட்டில் சாப்பிடுவதைவிட அங்கே அவன் கூடுதலாகச் சாப்பிடுவான் என்று ஏனோ நம்பினாள்.

முதல் நாள் மெதுவாகத்தான் ஏறினார்கள். ஏரி வரை போக முடியாது என்று மத்தியானமே தெரிந்துவிட்டது. காடு முடிகிற இடத்தில் கூடாரம் போட்டார்கள். நெலு அடுப்பைப் பற்றவைத்தான். பீன்ஸ் பொடியை வெந்நீரில் கரைத்து, மூடி வைத்து, நன்றாக ஊறியபின் லிவியா நீட்டினாள். ட்ரையான் ஒவ்வொரு வாயாக, கண்ணை மூடிக்கொண்டு, கிண்ணம் முழுவதையும் முடித்தான்.

“குடைமிளகா வாசன வருது,” என்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவப் போனாள்.

அந்த மலையில் கரடி அதிகம். சாப்பாட்டை எல்லாம் ஒரே பையில் போட்டு, கூடாரத்திலிருந்து தள்ளி, உயரமான கிளையில் தொங்கவிட வேண்டும். கயிற்று நுனியில் கல்லைக் கட்டிக் கிளைக்கு மேலாக எறிவது எப்போதும் ட்ரையானின் வேலை. வேறு யாரையும் தொடவிட மாட்டான். அன்றும் கயிற்றை அவனே எடுத்தான். முதல் தடவை கல் பாதி உயரம்கூடப் போகவில்லை. அடுத்த தடவையும் அப்படித்தான். பிறகு ஒரு கீழ்க்கிளையைக் குறிவைத்தான். நெலு எழுந்தான். லிவியா அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“விடுடா. அவனே பண்ணட்டும்.”

“கிளை ரொம்பத் தாழ்வா இருக்குக்கா.”

“தெரியுது. உக்காரு.”

கடைசியில் கல் அந்தக் கிளையைத் தாண்டி விழுந்தது. ட்ரையான் பையை மேலே இழுத்துக் கட்டிவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்து, கைகளைத் துடைத்துக்கொண்டான்.

காலையில் பை தரையில் கிழிந்து கிடந்தது. பொட்டலங்கள் எல்லாம் குதறப்பட்டிருந்தன. புல்லில் சிந்தியிருந்த பொடி பனியில் ஊறி, பொதபொதவென்று, சாப்பிடுகிற பதத்தில் இருந்தது. லிவியா குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தாள்.

நெலு வேடிக்கையாகப் பேசிச் சமாளிக்கப் பார்த்தான். “என் பன்றிக்கொழுப்பு மொத்தமும் போச்சு. ஒரே முழுங்கா முழுங்கியிருக்கு. அதுக்குத் தொண்டையில ஒண்ணும்...” சொல்லவந்தது பாதியிலேயே நின்றது.

ட்ரையான் சிரித்தான். சத்தமில்லாமல், தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். “சொல்லு மச்சான், சொல்லு. அதுக்கு எந்த டாக்டர்னு கேளு.”

பிறகு லிவியாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“கிளை உயரம் பத்தாதுன்னு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா விட்ட?”

“நீங்க ரெண்டு பேரும் பாத்துட்டிருந்தீங்க. இன்னொரு தடவ கை தூக்க முடியாதுன்னு எப்படிச் சொல்றது?” கிழிந்த பையைப் பார்த்தான். “நீ ஒரு மாசமா அடுப்புல வெந்த. எல்லாத்தயும் பாழாக்கிட்டேன்.”

“நானும் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்? வாய மூடிக்கிட்டு இருந்தது நானு.” அவள் அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதில் கயிறு இழுத்த தடம் சிவந்திருந்தது.

அவனுக்குக் கொடுக்க இனி எதுவும் இல்லை. இறங்குவதைத் தவிர வழியில்லை. கிளம்புமுன் ட்ரையான், ஏரி இருக்கும் திசையில், பாறைக் கணவாயைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றான். அவர்கள் அவசரப்படுத்தவில்லை.

பாதி வழியில் ஓர் ஆட்டுப்பட்டி. அங்கிருந்த இடையர் ஒன்றும் விசாரிக்காமல், அப்போதுதான் திரட்டிய இளம் பாலாடைக்கட்டியை மோரில் கரைத்து வெதுவெதுப்பாகக் கொடுத்தார். ட்ரையான் கொஞ்சம் குடித்தான். இருமினான். மறுபடி குடித்தான்.

“நல்லாருக்கா?” என்றாள் லிவியா.

“உன்னோடது மாதிரி வராது,” என்றான் அவன். இடையருக்குக் கேட்காதபடி.

முதல் பனி விழுவதற்குள் ட்ரையான் போய்விட்டான். கடைசி வாரங்களில் தண்ணீரும் இறங்கவில்லை.

அடுத்த ஆகஸ்டில் நெலு வீட்டுக்கு வந்தான். வந்த விஷயத்தைச் சொல்ல அவனுக்கு நேரம் பிடித்தது.

“ஏரிக்குப் போலாமாக்கா? நான் எல்லாம் பாத்துக்கறேன்.”

“அடுத்த வருஷம் பாப்போம்டா,” என்றாள் லிவியா.

அவள் வரமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவன் மகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா என்று விசாரித்தாள். அவன் பதில் சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.