டீச்சர் வரைந்த கைகள்

முப்பத்தொரு பிள்ளைகளை இரண்டு கோம்பி வேன்களில் அடைத்துக்கொண்டு புலவாயோ நகரத்து ஓவியக்கூடத்தில் வந்து இறங்கியபோது செலிவே டீச்சருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. மூன்று வாரமாக ஓயாத வேலை. பள்ளி விட்டதும் பிள்ளைகளின் படங்களை ஓரம் வெட்டி, அட்டையில் ஒட்டி, பெயர் எழுதி, கண்காட்சிக்காகக் கூடத்துக்குச் சுமந்து வந்து கொடுத்தது எல்லாம் அவர் ஒருவரே.

வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில் நோமாகுகுவின் படம் தனியாகத் தொங்கியது. ஒன்பது வயதுக்காரி. ஆழ்குழாய்க் கிணற்றடியில் தண்ணீருக்கு நிற்கும் வரிசையை வரைந்திருந்தாள். பதினொரு பெண்கள், தரையில் பதினொரு வாளிகள். ஒருத்திக்கும் கை கிடையாது. ஒட்டும்போது அதைக் கவனித்த டீச்சர், பாவம், மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று தானே கிரேயானை எடுத்து, வாளிகளைப் பிடிக்கும்படி நீள நீளமாகக் கை வரைந்துவிட்டார். கேட்டுவிட்டு வரைந்திருக்கலாம். அன்றைக்கு இருந்த அலுப்பில் அது தோன்றவில்லை.

கூடத்து நிர்வாகி சிபாண்டா அம்மா ஓடிவந்தார். "அந்தக் கைங்களப் பாருங்க டீச்சர்! பெரியவங்களுக்கு இப்படித் தோணவே தோணாது!"

டீச்சர் பதில் சொல்வதற்குள் நோமாகுகு படத்தின் அருகே போய்விட்டாள்.

"டீச்சர், இது யாரு போட்ட கை?"

"நாந்தான்மா. நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்."

"மறக்கல. கை முதுகுக்குப் பின்னாடி இருக்கு. தண்ணி வர மூணு மணி நேரமாகும். அதுவரைக்கும் யாரு குனிஞ்சு வாளியப் பிடிச்சுகிட்டு நிப்பாங்க? நீங்க வரிசைக்கே போனதில்லையா?"

சனிக்கிழமைதோறும் அதே வரிசையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பவர்தான் செலிவே. முகம் சுட்டது.

"சிபாண்டாம்மா, அந்தப் படத்தைக் கொஞ்சம் கழட்டுங்க."

"வெளையாடுறீங்களா? அழைப்பிதழ்லயே அந்தப் படம்தான். விடுங்க, யாருக்குத் தெரியப்போகுது?"

"இவளுக்குத் தெரியுமே."

சிபாண்டா அம்மா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கழற்றிக் கொடுத்தார். டீச்சர் தரையில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து மண் நிறக் கிரேயானைத் தேடி எடுத்தார்.

"நீயே அழி."

நோமாகுகு மண்டியிட்டு, அந்தக் கிரேயானால் ஒவ்வொரு கையாகத் தேய்த்து மறைத்தாள். வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"ஐயே, டீச்சர் போட்டதே தப்பாயிடுச்சு!" என்று ஒரு வாண்டு கத்தியது. டீச்சருக்கும் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் தெம்பில்லை.

நான்கைந்து இடங்களில் வண்ணம் திட்டாக அப்பிவிட்டது. அப்படியே மாட்டினார்கள். சிபாண்டா அம்மா அதன்பிறகு டீச்சரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நோமாகுகு மட்டும் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்து, "இப்ப சரி" என்றாள்.

எழுந்திருக்க டீச்சருக்கு அவள் தோள் தேவைப்பட்டது. இனி முப்பத்தொரு பேரையும் எண்ணி வேனில் ஏற்றியாக வேண்டும்.