அப்பா சாய்ந்த சுவர்

1

இந்தக் கதை ஒரு கறையிலிருந்து தொடங்கியது. கூடத்துச் சுவரில், அப்பா தினமும் தலை சாய்த்து உட்கார்ந்திருந்த இடத்தில், அவர் இறந்த பிறகு வந்த கறை. [இதில் ஒரு பொய் இருக்கிறது. பிறகு திருத்துகிறேன்.]

2

முதல் வரைவில் அம்மாவைப் பக்கத்து வீட்டுக்காரியாக மாற்றியிருந்தேன். அம்மா அதைப் படித்துவிட்டாள்.

"ஏன்டி, என்னை எதுக்கு அடுத்த வீட்டுக்கு அனுப்பின? அப்போ இங்க யாரு சமைக்கிறது?"

சிரித்தாள். சிரிப்பு இருமலானது. அடங்க வெகுநேரம் பிடித்தது.

"ஆள வரச்சொல்லி, பூஞ்சையான்னு சோதிச்சுப் பாத்துடலாம்மா."

"பூஞ்சையாவது ஒண்ணாவது. உங்கப்பா தலை வச்ச இடம் அது. காத வச்சுக் கேளு, மூச்சு விடுறாரு."

(பூஞ்சையும் மூச்சு விடும். என் அறிவியல் படிப்பு அம்மாவின் பக்கம் பேசும் ஒரே இடம் இது.)

3

ஆய்வகப் பழக்கத்தில், கறையின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து தேதி போட்டேன். திங்களன்று தலை அளவு. வெள்ளியன்று கழுத்து. அடுத்த வாரம் இடது தோள், அப்பாவுக்கு இருந்ததுபோலவே சற்று இறங்கி. நான் வரைந்தது கறையின் விளிம்பைத்தானா, இல்லை என்

[இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன்.]

4

திருத்தம். அப்பா இருந்தபோதே கறை இருந்தது. தலையெண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்தேன். அறிவியல் பட்டதாரி, கிட்டப்போய்க்கூடப் பார்க்கவில்லை. கடைசி மாதங்களில் அவரும் இப்படித்தான் இருமினார்.

சோதனை வேண்டாம் என்றது அம்மாதான் என்பதுபோல் எழுதிவந்தேன். தள்ளிப்போட்டது நான்.

5

முடிவு ஒன்று: பூஞ்சைதான். சுவரைச் சுரண்டுகிறோம். அம்மாவின் இருமல் நிற்கிறது. பிறகு என்னிடம் அப்பாவைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்.

முடிவு இரண்டு: பூஞ்சை இல்லை. அப்படியானால் அந்தத் தோள் யாருடையது?

6

சோதிப்பவரைப் பத்து மணிக்கு வரச்சொல்லிவிட்டேன். நான்காம் பகுதியை அம்மாவிடம் கொடுத்தேன். படித்தாள். எழுந்துபோய், கறையில் தலை சாய்த்து உட்கார்ந்தாள்.

"வரட்டும். ஆனா கதவ நான் திறக்க மாட்டேன்."

வாசல் மணி அடிக்கிறது. கூடத்தில் இருமல் சத்தம். அம்மாவின் வாய் மூடியிருக்கிறது.

நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதவுக்குப் பக்கத்தில் இருப்பது, இதைப் படிக்கும் நீங்கள்தான்.