தொட்டி சொன்ன சாட்சி

நீரிழிவில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் சர்க்கரை ஏறும். அதை ஊரே அறியும். இன்னொன்றில் சர்க்கரைக்கு வேலையே இல்லை. மூளைக்கடியில் சுரக்க வேண்டிய ஹார்மோன் ஒன்று சுரக்காது. குடித்த தண்ணீரெல்லாம் அப்படியே வெளியே ஓடும். அமெரிக்காவின் டுலூத் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் லொரெட்டாவுக்கு இந்த இரண்டாவது. மூக்கில் மருந்தடித்துக்கொண்டால் ராணி மாதிரி வண்டி ஓட்டுவாள். அடிக்காவிட்டால் அரைமணிக்கொரு தரம் வண்டியை நிறுத்த வேண்டும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமா?

காப்பீடு இருந்தால் ஒரு குப்பி இருபது டாலர், கைக்காசு என்றால் நானூறு. இந்த வருஷம் காப்பீட்டுக் கம்பெனி கையை விரித்துவிட்டது. "உங்கள் சர்க்கரை அளவு அருமை, வாழ்த்துகள், இனி மருந்து தேவையில்லை" என்று பதில். லொரெட்டா முதலில் சிரித்தாள். பிறகுதான் வயிறு எரிந்தது.

மிச்சமிருந்த மருந்து வெள்ளிக்கிழமையோடு சரி. அதற்குப் பிறகு வண்டியும் இல்லை, வேலையும் இல்லை. அதனால் ஓட்டும் நேரத்துக்கு மட்டும் மருந்து என்று வைத்துக்கொண்டாள். ஆனால் மருந்தில்லாமல் வீட்டிலிருந்து காப்பீட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டால் முக்கால் மணி நேரம் பாட்டுதான் ஓடும். கழிப்பறைக்கு ஓடித் திரும்புவதற்குள் யாரோ எடுத்து, "ஹலோ, ஹலோ" என்று வைத்துவிடுவார்கள். இரண்டு நாளாக இதே கூத்து.

"போனையும் உள்ள எடுத்துட்டுப் போயேன்" என்றார் அவள் கணவர் வெண்டல்.

"தண்ணி விட்டா நம்ம கழிப்பறைத் தொட்டி போடற சத்தத்துக்கு என் மானமே போயிடும்."

"அப்ப சனிக்கிழமை புதுசா ஒண்ணு வாங்கி மாத்திடறேன்."

சனிக்கிழமை வரை எங்கே பொறுப்பது? வியாழன் மத்தியானம் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, போனோடு உள்ளே போய்த் தாழிட்டாள். ஒரு வழியாக, மருந்துக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் பிரிசில்லா என்ற கம்பெனி நர்ஸ் எடுத்தாள்.

"சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கே மேடம், மருந்து எதுக்கு?"

"எனக்குச் சர்க்கரையே கிடையாதும்மா! இது தண்ணி நிக்காத வியாதி."

"ரெண்டுக்கும் ஒரே பேர்தானே?"

"என் வீட்டுக்காரர் பேரும் வெண்டல், எதிர்வீட்டு நாய் பேரும் வெண்டல். ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடா போடறேன்?"

"நாய்க்கு இதைவிட நல்லா போடறாங்க!" என்று கதவுக்கு வெளியிலிருந்து கணவர் குரல் வந்தது.

பிரிசில்லா சிரிப்பை அடக்குவதற்குள் தொட்டி முழங்கியது.

"என்ன மேடம் அது, ரயிலா?"

லொரெட்டாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "கழிப்பறை. மன்னிச்சுக்கங்க."

பிரிசில்லா பழைய மருத்துவக் குறிப்புகளைத் தேடிப் புரட்டினாள். தொட்டி மறுபடி முழங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மூன்றாம் தரம்.

"மறுபடியுமா!"

"இப்ப என் முதுகுக்குப் பின்னால நாப்பது பிள்ளைங்க உக்காந்திருக்குன்னு நினைச்சுப் பாரும்மா. ரோடெல்லாம் பனி. நான் என்ன பண்ணுவேன்?"

"என் பொண்ணும் பஸ்லதான் போறா. லைன்லயே இருங்க, எங்க கம்பெனி டாக்டர்கிட்ட நானே பேசறேன்" என்றாள் பிரிசில்லா மெதுவாக. மறுபடி பாட்டு, மறுபடி தொட்டி. பிறகு அவள் குரல்: "ஒரு வருஷத்துக்கு அனுமதி குடுத்தாச்சு மேடம். இன்னிக்கே மருந்து வாங்கிக்கலாம்."

லொரெட்டா குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். "அடுத்த வருஷம்?"

"மறுபடி கூப்பிடணும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெண்டல் அளவு நாடாவோடு நின்றார்.

"ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். தண்ணி விட்டா சத்தமே வராதாம்."

"அந்தத் தொட்டியைத் தொட்டீங்க, நாய் வீட்டுல போய்ச் சாப்பிட வேண்டியதுதான்" என்றாள் லொரெட்டா. "அடுத்த வருஷமும் அதுதான் எனக்காகப் பேசணும்."