தோளில் நடப்பவள்

மனைவியின் காலிலிருந்து எடுத்த தசைநாரைத் தன் தோளில் வைத்துக் கட்டியதிலிருந்து, அவள் நடக்கும்போதெல்லாம் பெயிண்டரின் வலது கை தானாக ஆடியது. ஏணியிலிருந்து அவர் விழுந்ததில் தோளின் தசைநார்கள் அறுந்து, கழுத்தடிக் காறை எலும்பு சட்டைக்குள் எலி புகுந்ததுபோல் துருத்திக்கொண்டிருந்தது. பின்தொடையிலிருந்து ஒரு தசைநாரை உருவி, தோள்பட்டையின் கொக்கி போன்ற எலும்புக்கு அடியில் நுழைத்து, காறை எலும்பில் துளை போட்டு இழுத்துக் கட்டவேண்டும் என்றார் டாக்டர். பெயிண்டரின் சொந்த நார்களோ ஏணியில் நின்று நின்று நைந்துபோயிருந்தன. “என்னுதை எடுத்துக்குங்க டாக்டர், நல்லா முறுக்கேறிக் கிடக்கு” என்றாள் மனைவி.

கை ஆடுவதைக் கண்ட டாக்டர் தோள்மூட்டை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். “கட்டு பிரமாதமா நிக்குது. வீட்டுக்காரம்மாவைக் கொஞ்சம் மெதுவா நடக்கச் சொல்லுங்க.”

அவள் மெதுவாக நடக்கிற ரகமில்லை. அவள் கடைக்குக் கிளம்பினால் இவர் கை அணிவகுப்புக்குக் கிளம்பிவிடும். வழியில் யாரிடமாவது ஊர்வம்பு பேச நின்றால் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். ஒருநாள் அடுப்பில் பால் பொங்க, அவள் ஓட, பள்ளிக்கூடச் சுவரில் இவர் இழுத்துக்கொண்டிருந்த பச்சைப் பார்டர் கூரைவரை ஏறிப்போனது. மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த எரிச்சலில், “ஒரு இடத்துல உட்காரவே மாட்டியா? உன் காலால என் பொழப்பே போகுது!” என்று கத்திவிட்டார்.

“சரிங்க. உட்கார்றேன்” என்றவள் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அதன்பிறகு கோடுகள் நூல் பிடித்தாற்போல் வந்தன. மேஸ்திரியே மெச்சினார். பெயிண்டருக்குத்தான் சோறு இறங்கவில்லை. காலையில் கை லேசாக அசைந்தால், எழுந்துவிட்டாள் என்று தூரிகையை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அந்த அசைவும் இல்லை. மதியம்வரை பொறுத்தவர், பெயிண்ட் டப்பாவை மூடக்கூட மறந்து அக்கா வீட்டுக்கு ஓடினார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா, ஒரு அசைவும் இல்லையே, உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு…”

“உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போச்சுங்க. எழுந்திரிக்கவே முடியல.”

“வந்ததுலேர்ந்து தண்ணிகூட நான்தான் தம்பி கொண்டாந்து கொடுக்கறேன், மகாராணிக்கு” என்றாள் அக்கா.

பெயிண்டர் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டார். அவருடைய தோளில் சுருசுருவென்று உயிர் வந்தது.

“கோடு கோணலாப் போனா போகட்டும். நீ நட.”

இருவரும் பஸ்ஸைத் தவிர்த்துவிட்டு நடந்தே வீடு திரும்பினார்கள். பெயிண்டரின் கை ஆடுவதைக் கண்டு, எதிரே வந்தவர்கள் தங்களுக்குத்தான் கையசைக்கிறார் என்று நினைத்துப் பதிலுக்கு அசைத்தார்கள். அவரும் எல்லோரையும் பார்த்துச் சிரித்து வைத்தார்.