மடங்காத முட்டி

பாய் ஷுன் அன்றைக்குப் பார்த்து ஒரு மடத்தனம் செய்தான். வெறும் துணியை உதறி, அதற்குள்ளிருந்து தண்ணீரும் மீனுமாய் ஒரு கிண்ணத்தை எடுப்பான். சீனத்து லின்ஆன் நகரப் பாலத்தடியில் அவனுக்குச் சோறு போட்டது அந்த வித்தைதான். கிண்ணம் எங்கே இருந்தது என்கிறீர்களா? அங்கிக்குள், தொடைகளுக்கு நடுவே தொங்கும். அதோடு நிற்கலாம், மெல்ல நடக்கலாம், மண்டியிட முடியாது. ஆகவே பாலத்தில் யார் வருகிறார்கள் என்று பார்க்காமல் எவனும் கட்டமாட்டான். கூட்டம் சேர்ந்த குஷியில் இவன் கட்டிவிட்டான்.

பேரரசரின் ஆணையைச் சுமந்த பல்லக்கு வந்தது. சந்தையே மண்டியிட்டது, இவன் ஒருவனைத் தவிர. முட்டி போட்டால் தண்ணீர் கொட்டி, ஊரெல்லாம் சூட்சுமம் தெரிந்துவிடும். அப்புறம் பிழைப்பில் மண்தான். போடாவிட்டால் முதுகுத்தோல் உரியும். பாவம், அவன் நட்டமாய் நின்றான்.

காவலன் தடியோடு வந்தான். பக்கத்தில் முட்டி போட்டிருந்தவன் ஊசி விழுங்கும் வித்தைக்காரன் தாங் கே. பாலத்து நிழலுக்காக இருவரும் சண்டை போட்டு, வசந்தம் தொட்டு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அடுத்தவன் சூட்சுமத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது அந்தத் தெருவின் கட்டுப்பாடு. வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், நிழல் முழுக்கத் தாங் கேவுக்குத்தான்.

தாங் கே நிமிராமலே சொன்னான்: "ஐயா, அது நொண்டிப் பய. எடது முட்டி மடங்காது. குனிஞ்சா எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும்."

காவலன் தடியால் இடது காலைத் தட்டினான். உள்ளே தண்ணீர் களுக்கென்றது. தாங் கே உடனே ஊசி தொண்டையில் சிக்கியவன்போல இருமித் தள்ளினான். காவலன் முகம் சுளித்து, தலையையாவது தாழ்த்தச் சொல்லிவிட்டுப் போனான். பாய் ஷுன் தாழ்த்தினான். கண்ணில் நீர் முட்டியது.

பார்த்தவர்கள் சந்தை முழுக்க இருக்கிறார்களே, இனி நொண்டாமல் முடியுமா? மறுநாள் காலை விந்தி விந்தி வந்து, நிழலில் பாதியைத் தாங் கேவுக்கு விட்டு நின்றான். நன்றி சொல்ல வாயெடுத்தான்.

தாங் கே ஊசிகளைத் துடைத்தபடியே, மாதக்கணக்கில் பேசாதவன், மெதுவாகச் சொன்னான்: "எடது காலுடா, முட்டாளே."