ஓடைமேல் நடந்தவர்கள்

அப்துல் முத்தலிப்புக்குச் சிங்கப்பூர் முழுவதும் தெரியும். ஆனால் பாதி ஊரில் அவன் கால் பட்டதில்லை.

நிலம் அளக்கும் ஆபீசில் வரைபடங்களுக்கு நகல் எடுப்பது அவன் வேலை. வெளியே போய்ச் சங்கிலி பிடித்து அளந்து வருகிறவர்கள் வேறு. அவர்கள் கொண்டுவரும் படத்தின்மேல் மெழுகு பூசிய நீலத் துணியை விரித்து, அடியில் தெரியும் கோடுகளை மசியால் அப்படியே மேலே கொண்டுவர வேண்டும். ஒரு கோடு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பதினான்கு வருடமாக அதைத்தான் செய்து வந்தான். துணிக்கு அடியில் ஊர் எப்போதும் விடியாத விடியலைப்போல மங்கிக் கிடக்கும். சில நாள் மதியத்தில், அந்த மங்கலில் யாரோ நடமாடுவதுபோல அவனுக்குத் தோன்றும். கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்த தெருவை வரைவான்.

ஊரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய மறு வருடம், மரவாடிக்காரர்கள் சிலர் சிராங்கூன் சாலைக்கும் லாவண்டர் தெருவுக்கும் நடுவில் இருந்த சதுப்பு நிலத்தைச் சுற்றிச் சுவர் எழுப்ப அனுமதி கேட்டார்கள். வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. குறுக்கே ரோச்சோர் ஆற்றின் கிளை ஓடை ஒன்று. அவ்வளவுதான். சாலை இல்லை, வீடு இல்லை. ஆகவே ஆட்சேபமும் இல்லை.

சங்கிலிக்காரர்கள் இருவரும் காய்ச்சலில் படுத்துவிட்டதால், தலைமை வரைவாளர் மாணிக்கம் பிள்ளை முத்தலிப்பைக் கூப்பிட்டார்.

"நாலு மூலையிலயும் எல்லைக்கல் இருக்கான்னு பாத்துட்டு வந்துடு. ஆபீஸ் சைக்கிளை எடுத்துக்க. விழுந்து கிழுந்து வைக்காத."

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக முத்தலிப் கிளம்பினான். சைக்கிள் பழகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. தேக்காவைத் தாண்டி, மாட்டுக் கொட்டகைகளுக்குப் பின்னால் இறங்கியபோது பனி இடுப்பளவு நின்றது. சக்கரம் தரையில் ஓடுகிறதா, பாலில் ஓடுகிறதா என்று தெரியவில்லை. தென்னைகள் கால் இல்லாமல் மிதந்தன. அப்போது எதிரில் ஒரு புல்லுக்கட்டு தானாக நடந்து வந்தது. ஆறடி அகலம் இருக்கும். பதறிப்போய் மணியை அடித்தான்.

"மணி அடிச்சா நாங்க என்ன, பறந்துடுவோமா பாய்?" என்று புல்லுக்கட்டு கேட்டது.

அவன் சைக்கிளோடு ஓரத்துச் சேற்றில் சாய்ந்தான். கட்டுக்குக் கீழே ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. நாற்பது வயதிருக்கும். மூக்கில் பித்தளைப் பொட்டு. அவளுக்குப் பின்னால் இன்னொரு கட்டு. அதற்குப் பின்னால் காவடித்தடியில் கீரைக் கூடைகள் தொங்க ஒரு சீனர். அவருக்குப் பின்னால் பால் பாத்திரங்கள், செங்கல் சூளைக்குப் போகும் பெண்கள், ஒரு மலாய்க்கார மீன் வியாபாரி. பனி ஆட்களைப் பெற்றுப் பெற்று விட்டுக்கொண்டே இருந்தது. ஒருவர் கால் வைத்த இடத்தில் அடுத்தவர் கால் வைத்தார்.

"இவ்வளவு பேரும் எங்கேருந்து வர்றீங்க?" என்று கேட்டான்.

"லாவண்டர் தெருப் பக்கமிருந்து. ஓடையில ரெண்டு தென்னங்கட்டையைக் கோணலாச் சேத்துப் போட்டிருக்கு. அதுல ஏறி இந்தாண்ட வந்துடுவோம். பெரிய சாலையில சுத்திப் போனா ஒரு மணி நேரம் கூட ஆகும். வண்டிக்காரன் வேற சாட்டையை வீசுவான்." அவள் நின்று அவனை உற்றுப் பார்த்தாள். "நீங்க யாரு? சுவர் கட்ட வந்தவரா?"

"இல்லம்மா. கல்லு பாக்க வந்தவன்."

"கல்லு பாத்துட்டுப் போனாத்தானே சுவர் வரும்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். பாக்கியலட்சுமி என்று பின்னால் வந்தவள் அவளைக் கூப்பிட்டாள்.

நான்கு கற்களும் இருந்தன. முத்தலிப் ஆபீசுக்குப் போய் அப்படியே சொன்னான். கற்களுக்கு நடுவில் பார்த்ததை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அன்று முழுக்க நீலத் துணிக்கு அடியில் புல்லுக்கட்டுகள் நடந்தபடி இருந்தன.

வீட்டில் மனைவி ரபியாவிடம் சொன்னான். அவள் சோற்றைப் போட்டபடியே கேட்டாள்.

"எத்தனை பேர் இருப்பாங்க?"

"நிறைய."

"நிறையன்னு சொன்னா துரை கேப்பாரா? எண்ணிக்கிட்டுப் போங்க." அவள் எழுந்து போய் ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை கொண்டுவந்தாள். "ஆளுக்கு ஒண்ணு. இந்தப் பையிலேருந்து அந்தப் பைக்கு மாத்துங்க."

ஒரு வாரம் தினமும் காலையில் ஓடைக்கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றான். முதல் நாள் நானூற்றுப் பன்னிரண்டு. வெள்ளிக்கிழமை ஐந்நூற்றுக்கு மேல். மூன்று பேர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கட்டையைக் கடந்தார்கள். எண்ணுகிறானே என்று முதலில் பயந்தவர்கள், நான்காம் நாள் "என்னைப் போட்டாச்சா பாய்?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். அந்த நேரங்களில் அவனுக்குக் காலமே மறந்துபோகும். பனி, காலடிச் சத்தம், பைக்குள் கொட்டை விழும் சத்தம். உலகத்தில் வேறெதுவும் இருப்பதாகத் தோன்றாது.

சனிக்கிழமை, படத்தின் வெறுமையான இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளிக்கோடு போட்டான். மாட்டுக் கொட்டகையில் தொடங்கி, ஓடைக்கு நடுவில் கொஞ்சம் வலப்புறம் வளைந்து, கீரைத் தோட்டத்தில் முடிந்தது. ஓரத்தில் ஏழு நாள் கணக்கையும் எழுதினான்.

மாணிக்கம் பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நகல் எடுக்கிறவன் படம் வரையக் கூடாது, முத்தலிபு."

"நான் வரையலங்க. அங்க இருக்கறதைத்தான் போட்டேன்."

பிள்ளை அவன் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் படத்தைச் சுருட்டிக்கொண்டு இன்ஜினியர் துரையின் அறைக்குள் போனார். திரும்பி வந்து, "செவ்வாய்க்கிழமை காலையில துரையே வந்து பாக்கறாராம். பாதை இருந்தா சரி. இல்லாட்டி நீயும் நானும் அவர் முகத்துல முழிக்க முடியாது" என்றார்.

திங்கட்கிழமை மாலை தொடங்கிய மழை விடியும்வரை விடவில்லை. அன்று அமாவாசை. கடல் ஏறி, ஓடை ஏறி, சதுப்பு முழுவதும் ஒரே தண்ணீராகிவிட்டது. செவ்வாய் காலை மழை நின்றபோது, வானம் கீழே விழுந்து கிடப்பதுபோல அந்த வெளி பளபளத்தது. எது கரை, எது ஓடை என்று சொல்ல முடியவில்லை. தென்னங்கட்டைகள் எங்கோ ஆழத்தில் மூழ்கிக் கிடந்தன. ஒரு ஆளும் இல்லை.

துரை குதிரை வண்டியிலிருந்து இறங்கிப் பார்த்தார். பிள்ளை குடையை அவர் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்கே உன் பாதை?" என்று துரை இங்கிலீஷில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் முத்தலிப்புக்கு இன்னும் வலித்தது.

அவன் அந்த வெளியைப் பார்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்தான். கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினான். சிவப்பும் வெள்ளையும் பூசிய அளவுக்கழியைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். அந்தப் பாதையை எத்தனையோ பேர் கடந்ததை எண்ணியிருந்தான். அவன் ஒருமுறைகூடக் கடந்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

முழங்கால் அளவு. இடுப்பு அளவு. காலடியில் தென்னங்கட்டை வழுவழுவென்று தட்டுப்பட்டது. மேகங்களின் மேல் நடப்பதுபோல இருந்தது. அச்சம் போய் ஒரு இதமான மயக்கம் வந்தது. நேராக நடந்தான்.

"பாய்! சோத்துக்கைப் பக்கம்! நேரா கட்டை இல்ல!"

எதிர்க்கரையிலிருந்து அந்தக் குரல் வந்து சேர்வதற்குள் அவன் கழுத்துவரை மூழ்கிவிட்டான். கழி ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். தத்தளித்து, கட்டையின் முனையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, தலையில் புல்லுக்கட்டோடு பாக்கியலட்சுமி தண்ணீரில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். அவள் குனிந்து பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே வந்தாள். வளைவு வந்த இடத்தில், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கையைப் பிடித்துத் திருப்பியதுபோலத் திரும்பினாள்.

தண்ணீர் வடியட்டும் என்று எதிர்க்கரை மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றிருந்தவர்கள், அவள் இறங்கியதைப் பார்த்ததும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கீரைக் கூடைகள், பால் பாத்திரங்கள், தலைக்குமேல் தூக்கிப் பிடித்த ஒரு சைக்கிள். அவள் திரும்பிய இடத்திலேயே எல்லாரும் திரும்பினார்கள். வெள்ளி பூசிய தண்ணீரில் ஒரு நீண்ட கறுப்புக் கோடு மெல்ல மெல்ல எழுந்தது. முத்தலிப் பென்சிலால் போட்ட அதே கோடு. கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, தன் வாழ்நாளில் பார்த்த மிக அழகான வரைபடத்தை அவன் பார்த்தான்.

துரை கடைசி ஆள் கரையேறும்வரை பார்த்தார். பிறகு பிள்ளையிடம் திரும்பி, "பாலம் எவ்வளவு அகலம் வேண்டும் என்று கேள்" என்றார்.

பிள்ளை முத்தலிப்பைக் கேட்டார். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த முத்தலிப் பாக்கியலட்சுமியைக் கேட்டான்.

அவள் சற்று யோசித்தாள். "பாலம் எவ்வளவு குறுகலா இருந்தாலும் பரவாயில்ல பாய். நடுவுல மட்டும் கொஞ்சம் பிதுக்கி ஒரு இடம் விடச் சொல்லுங்க. எதிர்ல ஆளோ சைக்கிளோ வந்தா நாங்க ஒதுங்கி நிப்போம். அப்புறம் அங்க ஒரு சுமைதாங்கி. இந்தப் புல்லுக்கட்டை ஒருதரம் இறக்கினா, திருப்பித் தூக்கிவிட ரெண்டு ஆள் வேணும். தோள் உசரத்துல ஒரு கட்டை இருந்தா நானே சாச்சு வெச்சுட்டு மூச்சு விட்டுக்குவேன்."

மரவாடிக்காரர்களிடம் பாதைக்குப் பன்னிரண்டடி விட்டுச் சுவர் கட்டச் சொல்லி உத்தரவு போனது. பாலத்துக்குப் படம் தயாராயிற்று. ஒதுங்கும் இடத்துக்குத் துரை சம்மதித்தார். சுமைதாங்கி என்றால் என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை. இங்கிலீஷில் அதற்குச் சொல் தெரியாமல், "தோள் உயரத்தில் ஒரு கட்டை" என்று முத்தலிப் எழுதியிருந்தான். எதற்கு என்று எழுதவில்லை. சிவப்பு மசியால் அதை அடித்துப் படம் திரும்பி வந்தது.

தச்சர்களுக்குக் கொடுக்க வேண்டிய நகலை எடுக்க உட்கார்ந்தான். மதியம். ஜன்னலுக்கு வெளியே டிராம் மணி அடித்துக்கொண்டு போனது. நீலத் துணிக்கு அடியில் பாலம் மங்கலாகத் தெரிந்தது. கோடுகளை ஒவ்வொன்றாக எடுத்தான். சிவப்பு அடித்த இடம் வந்ததும் பேனா நின்றது. அடிக்கப்பட்டதை விட்டுவிட வேண்டும். அதுதான் வேலை. கை வேறு யாருடையதோபோல அசைந்தது. இரண்டு கால், மேலே ஒரு கட்டை. மூன்றே கோடு. போட்டுவிட்டு மசியை ஊதிக் காயவைத்தான்.

மறு வருடம் தைமாதம் பாலம் முடிந்தது. திறப்பு விழா என்று ஒன்றும் இல்லை. சீனத் தச்சர்கள் கடைசி ஆணியை அடித்துவிட்டு உளிகளைப் பொறுக்கிக்கொண்டு போனதும் ஜனங்கள் ஏறி நடந்தார்கள். சைக்கிளைத் தோளில் தூக்கியவர்கள் மணியடித்துக்கொண்டு ஓட்டிப்போனார்கள். லாவண்டர் தெருப்பக்கம் இருந்த தங்கை வீட்டுக்குப் போக ஆறு வருடமாக ரிக்‌ஷா தேடிய ரபியா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்து நடந்தே போய்விட்டு வந்தாள். வந்தவள், "இவ்வளவு கிட்டத்துலயா இருந்தா அவ!" என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து மாணிக்கம் பிள்ளை பாலத்தைப் பார்க்க வந்தார். முத்தலிப் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தான். நடுவில், பிதுங்கிய இடத்தில், பாக்கியலட்சுமி கட்டையின்மேல் புல்லைச் சாய்த்துவிட்டு ஓடையைப் பார்த்து நின்றிருந்தாள். பிள்ளை நின்றார். கட்டையைப் பார்த்தார். கையால் தட்டிப் பார்த்தார்.

"இது அடிச்சுத் திரும்பி வந்ததுல்ல?"

முத்தலிப் சைக்கிளைப் பாலத்தின் கைப்பிடியில் சாய்த்தான்.

"தச்சன் இஷ்டத்துக்குக் கட்ட மாட்டானே. நகல்ல இருந்திருக்கணும்."

"இருந்துச்சுங்க."

பாக்கியலட்சுமி இருவரையும் பார்த்தாள். என்ன விஷயம் என்று அவளுக்குப் புரியவில்லை. பெரியவருக்கு இடம் விடுவதற்காகப் புல்லைக் கொஞ்சம் நகர்த்தினாள். "வெயில்ல வந்திருக்கீங்க. சும்மா சாஞ்சு நில்லுங்க ஐயா. காத்து நல்லா வருது."

பிள்ளை சாய்ந்து நின்றார். கீழே ஏற்றத்தண்ணீர் மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தது. கீரைத் தோட்டப் பக்கமிருந்து ஒரு சைக்கிள் வந்தது. மூவரும் பாலத்தின் வயிற்றுக்குள் ஒதுங்கினார்கள். பலகைகள் தடதடவென்று அதிர்ந்து அடங்கின.

"இன்னும் வேற எங்கெல்லாம் இப்படிப் படத்துல இல்லாத பாதை கிடக்கோ" என்று பிள்ளை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு முத்தலிப் பக்கம் திரும்பினார். "நாளைக்குக் காலையில ஆபீசுக்கு வராத. கண்டாங் கெர்பாவ் வட்டாரத்துல பாதை இருக்கான்னு போய்ப் பாரு. சைக்கிளை உன்கிட்டயே வெச்சுக்க."